நாற்பத்தேழாம் நம்பர் சென்சார்

எனக்குச் சலவைக்கடை. ஆனால் இது என் கதை இல்லை, என் கொழுந்தியாளின் கதை. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். அவளுக்கு அக்காவும் எனக்கு வீட்டுக்காரியுமான மகராசி பெரியவள். சொல்லும்போது இடையிடையே எனக்குக் கோபம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் தண்ணீர் இல்லாமல் சலவைக்கடை நடத்தியவன் வாயிலிருந்து தேனா ஒழுகும்?

சின்னவளுக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு வியாதி. எதையும் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவாள். குடும்பத்தோடு வெளியூர் கிளம்புவோம். பெரியவள் வீட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை என் கையில் கொடுத்திருப்பாள். தெருமுனை வரை வந்தபிறகு சின்னவள் "ஒரு நிமிஷம்" என்று திரும்பி ஓடுவாள். பூட்டை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் வருவாள். இவளால் இரண்டு முறை பஸ்ஸை விட்டிருக்கிறோம், ஒரு முறை ரயிலை. "ஏம்மா, உங்கக்கா மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டால், "அக்கா மேல இருக்கு மாமா, பூட்டு மேலதான் இல்ல" என்பாள்.

இந்த வியாதிக்கு ஏற்ற வேலையே அவளுக்குக் கிடைத்தது. டிப்ளமா முடித்து, தண்ணீர் வாரியத்தில் மீட்டர் ரீடராகச் சேர்ந்தாள். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதுகிற வேலை. அவளோடு சேர்ந்தவர்கள் எல்லாம் பத்து மணிக்கு டீக்கடையில் உட்கார்ந்து, போன மாதக் கணக்கோடு குத்துமதிப்பாக ஒன்றைக் கூட்டி எழுதிவிட்டு, பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவள் ஒவ்வொரு மூடியாகத் திறந்து, குனிந்து, பார்த்துதான் எழுதுவாள். மீட்டர் கண்ணாடி மங்கியிருந்தால் பார்ப்பதற்கென்று பையில் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி வைத்திருந்தாள். அதனால் தெருக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயரே பூதக்கண்ணாடி. "பூதக்கண்ணாடி வருது, செடித்தொட்டிய நகர்த்து" என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். பதினொரு வருடம் அப்படி அலைந்தாள். இரண்டு முறை நாய் கடித்தது. முழங்கால் இரண்டும் தேய்ந்து, எங்கள் வீட்டு மூன்று படியை ஏறவே சுவரைப் பிடிக்க ஆரம்பித்தாள். வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் நாற்காலியைத் தேடுவாள், பிறகுதான் அக்காவை.

அப்போதுதான் வாரியத்துக்கு சென்சார் வந்தது.

ஊர் முழுக்க நிலத்தடிக் குழாய்களில் அறுபத்திரண்டு இடத்தில், கைக்கு அடக்கமான ஒரு பெட்டியைப் பொருத்தினார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அந்தப் பெட்டி, குழாயில் தண்ணீர் எவ்வளவு அழுத்தத்தில் நிற்கிறது என்று வாரியத்துக்குச் செய்தி அனுப்பும். ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் மோட்டார் வைத்த வால்வு. ஆபீசில் உட்கார்ந்தபடியே அதைத் திறக்கலாம், மூடலாம். வாரியத்தின் மேல்மாடியில் கண்ட்ரோல் ரூம் என்று ஒரு குளிர் அறை. சுவர் முழுக்கத் திரை. அதில் ஊரே கோடு கோடாகத் தெரியும். அழுத்தம் சரியாக இருந்தால் பச்சைப் புள்ளி, குறைந்தால் மஞ்சள், நின்றுபோனால் சிவப்பு. டிப்ளமா படித்தவள், முழங்காலும் போய்விட்டது என்று சின்னவளை மேல்மாடிக்கு அனுப்பினார்கள்.

வந்த புதிதில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். லாட்டரி அடித்தவள் மாதிரி இருந்தாள். ஒரு மத்தியானம் பத்தொன்பதாம் நம்பர் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருக்கிறது. குழாய் வேலை பார்க்கிற பிட்டரை அனுப்பித் தோண்டச் சொன்னாள். பஸ் டிப்போவுக்கு அடியில் குழாய் வெடித்து, எத்தனை வருடமாகவோ ஒரு ஏரித் தண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அன்று சாயங்காலம் எங்கள் கடைக்கு வந்து, இஸ்திரி மேஜைமேல் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். "பதினோரு வருஷம் நான் ஒவ்வொரு வீடா குனிஞ்சு பார்த்தேன் மாமா. இது ஊரையே ஒரே நேரத்துல பார்க்குது." நானும் வாயைப் பிளந்து கேட்டேன். நல்ல விஷயத்தை நல்ல விஷயம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த டிப்போத் தண்ணீரை இவர்கள் பிடிக்காவிட்டால் இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அந்த அறையில் ஒரு பழக்கம் உண்டு. விடிகாலை ஐந்து மணி ஷிப்ட் தொடங்கியதும், கம்ப்யூட்டர் சில இடங்களைக் காட்டிக் கேட்கும்: இங்கே அழுத்தம் தேவைக்கு மேல் இருக்கிறது, வால்வை ஒரு சதவீதம் குறைக்கட்டுமா? அழுத்தம் அதிகமாக இருந்தால் கசிவும் அதிகம், அதனால் குறைப்பது நல்லது என்பது கணக்கு. கீழே இரண்டு பொத்தான். ஒன்று "சரி." இன்னொன்று "வேண்டாம்." வேண்டாம் என்று அழுத்தினால் ஏன் வேண்டாம் என்று பதினான்கு கட்டம் உள்ள படிவத்தை நிரப்ப வேண்டும், தூங்கிக்கொண்டிருக்கும் இன்ஜினியருக்கு போன் போகும், அவர் எழுந்து கத்துவார். சரி என்று அழுத்தினால் ஒரு தொல்லையும் இல்லை. எனவே எல்லோரும் சரி. சின்னவளும் சரி.

இனி நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். எங்கள் தெரு குழாய்ப் பாதையின் கடைசி. எங்களுக்கு அப்புறம் குழாயும் இல்லை, ஊரும் இல்லை, ரயில் பாதைதான். எந்தக் காலத்திலும் எங்களுக்குத் தண்ணீர் காலையில் ஐந்திலிருந்து ஒன்பது வரை மட்டும்தான். ஆனாலும் அந்த நாலு மணி நேரத்தில் என் தொட்டி நிரம்பிவிடும், அது எனக்குப் போதும். ஒரு ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள் தினமும் அறுபது எங்களிடம் வரும். அந்த ஒரு வேலையில்தான் கடை நின்றது. வீட்டுத் துணிகள் வரும், போகும். ஆஸ்பத்திரி விரிப்புதான் எங்களுக்குச் சோறு.

சென்சார் வந்த மூன்றாம் மாதம் தண்ணீர் மெலிந்தது. நான்காம் மாதம் நூலாக இறங்கியது. அதற்கப்புறம் குழாயைத் திறந்தால் சீறுகிற சத்தம் மட்டும் வந்தது.

புகார் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் செல்போனுக்குப் பதில் வந்தது: "உங்கள் பகுதியில் அழுத்தம் சரியாக உள்ளது. உங்கள் வீட்டுக் குழாயைச் சரிபார்க்கவும். புகார் முடிக்கப்பட்டது." மறுபடி கொடுத்தேன். அதே பதில், எழுத்து மாறாமல். தெருவில் இருபத்தாறு வீடும் புகார் கொடுத்தது. இருபத்தாறு வீட்டுக்கும் அதே பதில். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். செவிடனாவது ஊதுகிறவன் முகத்தைப் பார்ப்பான். எங்களுக்கு நன்றாகத் தண்ணி காட்டினார்கள், தண்ணீர்தான் வரவில்லை.

மேல்மாடியில் கொழுந்தியாள் இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று சின்னவளுக்கே போன் போட்டேன்.

"இருங்க மாமா, பார்க்கிறேன். உங்க தெரு நாற்பத்தேழாம் நம்பர். பச்சையாத்தான் இருக்கு. போன மாசத்த விட அழுத்தம் கூடியிருக்கே."

"குழாயத் திறந்தா காத்துதாம்மா வருது."

"அப்ப உங்க வீட்டுக்குள்ள வர்ற லைன்ல அடைப்பு. பழைய இரும்புக் குழாய் மாமா, துரு ஏறியிருக்கும். தரைய உடைச்சுப் பாருங்க."

உடைத்தேன். கடையின் தரை, நான் பார்த்துப் பார்த்துப் போட்ட தரை, வாசலிலிருந்து தொட்டி வரை கடப்பாரையால் உடைத்தேன். குழாயை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஒரு துரும்பு இல்லை, அந்தப் பக்கம் ரயில் பாதை தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்து அவர் தரையையும் உடைத்திருந்தார். அவரும் ஒரு குழாயைக் கண்ணில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் குழாயைத் தூக்கி எறிந்தேன்.

வேறு வழியில்லாமல் தண்ணீர் லாரியைக் கூப்பிட்டோம். அது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். இரும்பு கலந்தது. மூன்று நாள் துவைத்தால் வெள்ளை விரிப்பு மஞ்சளாகிவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து முதலில் ஒரு சீட்டு வந்தது, பிறகு ஆளே வந்தார். "நோயாளி வீட்டுக்காரங்க அழுக்கு விரிப்புன்னு சண்டைக்கு வர்றாங்க. இந்த மாசம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியவள் அன்று அடுப்பையே பற்ற வைக்கவில்லை.

அவளே சின்னவளுக்கு போன் போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"ஒரு தடவ வந்து பாருடி."

"வந்து பார்த்தா எனக்கு என்னக்கா தெரியும்? குழாயில தண்ணி இல்லன்னு தெரியும். ஏன் இல்லன்னு இங்க இருந்தாத்தானே தெரியும். இங்க எல்லாம் சரியா இருக்குக்கா, நான் பொய் சொல்வேனா?"

"பூட்டை ஆட்டிப் பார்க்கிறவ நீதானடி?" என்றாள் பெரியவள். இவள் போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு அக்கா தங்கை பேச்சுவார்த்தை நின்றது.

இதற்கு நடுவில் வாரியத்தில் ஒரு பாராட்டு விழா வேறு. அதிகத் தண்ணீரைச் சேமித்த பகுதிகளைக் கவனித்த ஊழியர்களுக்குப் பத்திரம். சின்னவளுக்கும் உண்டு. பெரியவள் வர மாட்டேன் என்றுவிட்டாள். நான் மட்டும் போய் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். எந்தப் பகுதி என்று மைக்கில் சொன்னார்கள். என் காதில் விழவில்லை, பக்கத்தில் யாரோ இருமினார்கள்.

ஆஸ்பத்திரி சொன்ன மாதம் முடிந்தது. ஒரு திங்கட்கிழமை காலை வேன் வந்தது, துணி எடுக்க இல்லை, சொல்லிவிட்டுப் போக. நாளையிலிருந்து வேறு கடை. முந்தின நாள் வந்த அறுபது விரிப்பும் துவைக்காமல் மூட்டையாகக் கிடந்தது. பெரியவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஆட்டோ கூப்பிடுங்க" என்றாள்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாரியத்தின் மேல்மாடிக்கு ஏறினோம். காவலாளி "எங்கம்மா?" என்றார். "துணி எடுத்துட்டு வந்திருக்கேன்" என்றாள், அவர் விட்டுவிட்டார். கண்ட்ரோல் ரூமில் நான்கு பேர் இருந்தார்கள், இன்ஜினியரும் இருந்தார். சுவர் முழுக்கப் பச்சை. சின்னவள் எழுந்தாள். பெரியவள் மூட்டையை அவள் மேஜைமேல் போட்டு அவிழ்த்தாள். கீபோர்டின் மேல் ரத்தக்கறை விரிப்புகள் சரிந்தன.

"உன் ஸ்கிரீன்லதான் தண்ணி இருக்குல்ல. இத அதுல துவைச்சுக் குடு."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்வார்கள். அதை இப்படிக் கையில் கொடுத்தவளை நான் பார்த்ததில்லை. இன்ஜினியர் "யாரும்மா இது, வெளிய போங்க" என்று கத்தினார். பெரியவள் கத்தவில்லை. திரும்பி நடந்தாள். நான் சின்னவளைப் பார்த்தேன். அவள் விரிப்பைப் பார்க்கவில்லை, இன்ஜினியரையும் பார்க்கவில்லை. திரையில் நாற்பத்தேழாம் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது பச்சையாகத்தான் இருந்தது.

ஒரு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. ஒன்றேகாலுக்கு அவள் எங்கள் தெருமுனையில் வந்து இறங்கினாள். கூட ஒரு பிட்டர். கடைக்கு வரவில்லை, எனக்கு மட்டும் போன் செய்தாள். "மாமா, கடப்பாரையோட வாங்க."

வால்வுக் குழி எங்கள் தெருமுனையில், யாருக்கும் வேண்டாத ஒரு பழைய வேனுக்கு அடியில் இருந்தது. வேனைத் தள்ளி, இரும்பு மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தோம். கரப்பான்பூச்சி எல்லாம் வெளியே ஓடியது. பிட்டர் இறங்கப் போனார். "நீங்க இருங்கண்ணே" என்று அவளே இறங்கினாள், அந்த முழங்காலோடு. டார்ச் அடித்தாள். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

வால்வுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குழாயைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"அண்ணே, சென்சார் ஏன் வால்வுக்கு முன்னாடி இருக்கு?"

பிட்டர் தலையைச் சொறிந்தார்.

"பின்னாடி ஒரு ஓட்டை போட்டு அடைச்சிருக்கே. முதல்ல அங்கதானே மாட்டியிருக்காங்க? ஏன் மாத்தினாங்க?"

பிட்டர் குந்தி உட்கார்ந்தார். அப்புறம் மெல்லச் சொன்னார். சென்சார் மாட்டிய காண்ட்ராக்ட் கம்பெனிக்கு ஒரு சோதனை உண்டாம். மாட்டியபின் ஏழு நாள் இரவு பகலாகப் பெட்டி ஒழுங்காகக் காட்ட வேண்டும். நடுவில் பூஜ்யம் காட்டினால் பெட்டி பழுது என்று கணக்கு, வேலை தேறாது. கடைசித் தெருக்களில் காலையில் மட்டும்தானே தண்ணீர்? மற்ற நேரம் குழாய் காலி, பெட்டி உண்மையைச் சொல்லும், பூஜ்யம். தேறவில்லை. மூன்று முறை தேறவில்லை. அதனால் பெட்டியைக் கழற்றி, வால்வுக்கு முன்னால், எப்போதும் தண்ணீர் நிற்கிற பெரிய குழாயில் மாட்டிவிட்டார்கள். ஏழு நாளும் பச்சை. தேறிவிட்டது.

"நான்தான் ஸ்பேனர் பிடிச்சேன். என்கிட்ட யாரும் ஏன்னு கேக்கல மேடம். கடைசித் தெரு பதினொண்ணுலயும் இப்படித்தான்."

எனக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. அதற்குள் குழிக்குள்ளிருந்து சின்னவள் "மாமா" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"வால்வு எவ்வளவு திறந்திருக்குன்னு காட்ட இதுல ஒரு முள் இருக்கு. ஆறுல நிக்குது. நூறுக்கு ஆறு."

"யாரு மூடினது?"

"நான்தான்."

எனக்குப் புரியவில்லை. அவள் குழிக்குள் நின்றபடியே சொன்னாள். "துவைக்கிற ஹோஸ் பைப்ப நடுவுல மடக்கிப் பிடிங்க. முன்பக்கம் என்ன ஆகும்?"

"உப்பும்."

"பின்பக்கம்?"

எனக்குப் புரிந்துவிட்டது. வால்வை ஒரு சதவீதம் மூடினால், அதற்கு முன்னால் இருக்கிற பெட்டிக்கு அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் கம்ப்யூட்டர், இன்னும் கொஞ்சம் குறைக்கட்டுமா என்று கேட்கும். இவள் சரி என்பாள். மூடும். மறுபடி ஏறும். மறுநாள் விடிகாலை மறுபடி கேட்கும். இவள் மறுபடி சரி. எங்கள் தொண்டை நெரிய நெரிய, அங்கே புள்ளி பச்சையாகிக்கொண்டே போயிருக்கிறது. நாங்கள் குடிக்காத தண்ணீருக்குச் சேமிப்பு என்று பெயர் வைத்து, அதற்குப் பத்திரமும் கொடுத்து, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து நானே கை தட்டியிருக்கிறேன்.

வால்வைக் கையால் திறக்க ஆபீஸ் அனுமதி வேண்டும் என்றார் பிட்டர். "நான் அனுமதி வாங்கித்தான் மூடினேன்" என்றாள் சின்னவள். சக்கரத்தைப் பிடித்துத் திருகினாள். துருவில் அது கிரீச்சிட்டது. நானும் இறங்கிப் பிடித்தேன். நாற்பத்திரண்டு சுற்று. முப்பதாவது சுற்றில் காலுக்கடியில் குழாய் உறுமியது. பெரிய குழாயில் நின்ற தண்ணீர் காலை, மத்தியானம் என்று பார்க்காமல் பாய்ந்தது; தெருவுக்குள் யாரோ "தண்ணி! தண்ணி வருது!" என்று கூவினார்கள். அவள் சக்கரத்தை விடாமல் அழுதாள். நான் என்ன சொல்வது? உன் தப்பில்லை என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அறுபது விரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது.

மறுநாள் ஆபீசில் என்ன நடந்தது என்று பிட்டர்தான் பிறகு சொன்னார். இன்ஜினியர் அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "சென்சார் பழுதுன்னு ஒரு வரி எழுதும்மா. கம்பெனிக்காரன் புதுப்பெட்டி குடுப்பான். யாருக்கும் தொந்தரவில்ல" என்றிருக்கிறார். இவள் கம்ப்யூட்டரில் பழைய பதிவு எல்லாவற்றையும் எடுத்து எண்ணினாள். நாற்பத்தேழாம் வால்வு தொண்ணூற்று நான்கு முறை குறைக்கப்பட்டிருந்தது. அதில் எழுபத்தொரு சரி அவளுடையது, மீதி அவள் விடுமுறை நாட்களில் மற்றவர்கள் போட்டது. அறிக்கையில் இப்படி எழுதினாள்: "சென்சார் பழுதில்லை. அது வைக்கப்பட்ட இடத்தின் அழுத்தத்தைச் சரியாகவே சொன்னது. தெருவைப் பார்க்காமல் எழுபத்தொரு முறை சரி என்று அழுத்தியது நான். கடைசித் தெரு பதினொன்றிலும் குழியைத் திறந்து பார்க்க வேண்டும்."

குழிகளைத் திறக்கவில்லை. அவளைத்தான் மேல்மாடியிலிருந்து இறக்கினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, பொறுப்பு மாற்றம் என்று சொன்னார்கள். மறுபடி மீட்டர் ரீடர். எங்கள் குழியில் மட்டும், இருபத்தாறு வீடும் போய் நின்று சத்தம் போட்டதால், பெட்டியை வால்வுக்குப் பின்னால் மாற்றினார்கள். மற்ற பத்துத் தெருவுக்கும் கோப்பு போயிருக்கிறது என்கிறார்கள். கோப்பு எந்தக் குழியில் விழுந்ததோ. எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தத் தெருக்களில் இப்போதும் எவனோ தன் தரையை உடைத்துக்கொண்டிருப்பான்.

ஆஸ்பத்திரி வேலை திரும்பி வரவில்லை. வேறு கடையோடு இரண்டு வருடத்துக்கு எழுதிவிட்டார்களாம். பெரிய மெஷின் இரண்டில் ஒன்றைத் துணி போட்டு மூடிவைத்திருக்கிறேன். தண்ணீர் என்னவோ இப்போது காலையில் அடித்துக்கொண்டு வருகிறது. துவைக்கத் துணிதான் இல்லை.

போன வாரம் சின்னவள் எங்கள் தெருவுக்கு மீட்டர் பார்க்க வந்தாள். ஒவ்வொரு வீடாகக் குனிந்து, கடைசியில் எங்கள் வாசலுக்கு வந்தாள். பெரியவள் இஸ்திரி மேஜையருகே நின்றாள். நிமிரவில்லை.

சின்னவளின் முழங்காலை நினைத்து, "காலையிலதான் பார்த்தேன்மா, ரெண்டாயிரத்து முந்நூத்தி பதினெட்டு. எழுதிக்கோ" என்றேன்.

"தள்ளுங்க மாமா, பார்க்கணும்."

சுவரைப் பிடித்து மெல்லக் குந்தினாள். மூடியைத் திறந்து, சேற்றை விரலால் வழித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எழுதினாள். பிறகு பழைய பக்கங்களைப் புரட்டினாள். அந்த மூன்று மாதத்துப் பக்கங்கள், வேறு யாரோ எழுதியவை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா?"

"இந்த மூணு மாசமும் இங்க வந்த ஆளு ஒழுங்கா பார்த்துத்தான் எழுதியிருக்கான் மாமா. ஒரு மாசம் ஒன்பது யூனிட். ஒரு மாசம் ரெண்டு. ஒரு மாசம் ஒண்ணுமே ஓடல. சலவைக்கடை மீட்டர்ல ஒண்ணுமே ஓடலன்னு எழுதி, மாசா மாசம் ஆபீஸ்ல குடுத்திருக்கான்." பக்கத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "கீழ்மாடியில குடுத்திருக்கான். நான் மேல்மாடியில இருந்தேன். பதினெட்டுப் படி மாமா. நான் இறங்கிப் பார்க்கல."

எழுந்திருக்க அவளுக்குக் கை கொடுத்தேன். கையெல்லாம் சேறு.

பெரியவள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவைத்தாள். தொட்டிப் பக்கம் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் கல்லில் அறைந்து விழுந்தது. தங்கையின் முகத்தைப் பார்க்காமல், குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வந்து கையைக் கழுவு. தண்ணி வருது, நீயே பாரு."